தலைவலி சொல்லும் இரத்தக் கணக்கு

புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. குடல் அழற்சி நோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவர் எதிரே அமர்ந்திருப்பார். நாளைக்கு எத்தனை முறை மலம் கழிகிறது, இரத்தம் படுகிறதா, வயிற்றுவலி எவ்வாறுள்ளது என்ற வினாக்களுக்கெல்லாம் விடை கூறி முடித்து, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார். கதவருகே சென்றபின் உடன்வந்த தாயோ மனைவியோ திரும்பி நின்று, "இன்னொன்னு டாக்டர், தலைவலின்னு அடிக்கடி படுத்துக்கிறாரு" என்பார். "அது வெயிலால வர்றதும்மா, ரயில்ல நின்னுக்கிட்டே போயிட்டு வரேன்ல" என்று நோயாளி உடனே குறுக்கிடுவார்.

தென் சென்னைப் புறநகரில் வாழ்வோர்க்குத் தலைவலிக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை நெரிசலில் நின்றபடி செல்லும் பயணம், ஜி.எஸ்.டி. சாலையின் புகையும் இரைச்சலும், ஏற்றுமதி மண்டலத் தொழிற்கூடங்களின் முறைமாற்றுப் பணி, சித்திரை வெயில் என்று எத்தனையோ காரணங்கள் கைவசம் உள்ளன. அவற்றுள் ஏதேனும் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் குடல் அழற்சி நோயுடன் வாழ்பவருக்கு வரும் தலைவலியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடலாகாது. பல வேளைகளில் அது உடலின் இரும்புச்சத்து தீர்ந்துவருவதன் அறிவிப்பு. அந்த அறிவிப்பை அடக்குவதற்காக மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரையே குடல் நோயைக் கிளறிவிடவும் கூடும். இவ்விரண்டையும் நோயாளிகளும் அவர்களைப் பேணும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

குடலில் நோய், தலையில் வலி

குடல் அழற்சி நோய் என்னும் பெயரில் முதன்மையாக இரண்டு நோய்கள் அடங்கும். பெருங்குடலின் உட்சுவரில் வீக்கத்தையும் புண்களையும் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஒன்று. வாய்முதல் ஆசனவாய்வரை செரிமானப் பாதையின் எப்பகுதியிலும் தோன்றக்கூடிய, பெரும்பாலும் சிறுகுடலின் இறுதிப் பகுதியைத் தாக்கும் குரோன் நோய் மற்றொன்று. 1932ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர் பர்ரில் குரோனும் அவருடைய இரு தோழர்களும் இதனை விவரித்து எழுதியதால் அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. இரண்டுமே நீடித்த நோய்கள். சில காலம் அடங்கியிருக்கும், சில காலம் சீறி எழும்.

புண்ணான குடலிலிருந்து இரத்தம் கசிகிறது. கொலைட்டிஸ் நோயில் அது கண்ணுக்குத் தெரியலாம். குரோன் நோயில் மலத்தோடு கலந்து தெரியாமலே நாள்தோறும் வெளியேறலாம். இரத்தத்தோடு இரும்பும் போகிறது. சிவப்பணுக்களில் உள்ள ஈமோகுளோபின் என்னும் பொருளே நுரையீரலிலிருந்து உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்கிறது. இரும்பின்றி உடல் அதனை ஆக்க இயலாது. ஈமோகுளோபின் குறையும்போது மூளைக்குப் போதிய உயிர்வளி கிடைக்கச் செய்வதற்காக அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, இரத்த ஓட்டம் கூடுகிறது. இரத்தசோகை உள்ளோர்க்குத் தலைவலியும், தலைப்பாரமும், எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவதும் ஏற்படுவதற்கு இதனை ஒரு காரணமாகக் கூறுவர். முன்பே ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது இன்னும் அடிக்கடி வரலாம்.

தலைவலி தனியாக வருவதில்லை. இரயில் நிலைய நடைமேம்பாலத்தின் படிகளில் பாதியிலேயே மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடத்தல், முடி கொட்டுதல், நகம் எளிதில் உடைதல், இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுதல், எதிலும் கவனம் நில்லாமை ஆகியவை துணை வரும். வேறோர் அறிகுறியை நோயாளிகள் நாணத்தால் சொல்வதில்லை: பச்சரிசியை அள்ளி மெல்லுதல், பனிக்கட்டியைக் கடித்துத் தின்னுதல், சாக்பீசு, திருநீறு, மண் போன்றவற்றின்மேல் ஆசை. இது கெட்ட பழக்கமன்று. இரும்பு குறைந்த உடலில் காணப்படும் அறிகுறி. இரும்பு நிரம்பியதும் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். உங்கள் வீட்டில் எவரேனும் அரிசிப் பானையை நாடினால் கண்டிக்காதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள்.

வரவு குறைவு, செலவு மிகுதி

இரும்பை வீட்டுக் கணக்கைப்போல எண்ணிப் பார்த்தால் எளிதில் விளங்கும். வளர்ந்த மனிதர் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு உள்ளது. அதில் பெரும்பகுதி ஈமோகுளோபினில் புழங்குகிறது. எஞ்சியது ஈரல் முதலிய இடங்களில் சேமிப்பாக இருக்கிறது. பெண்களுக்கு அச்சேமிப்பு பொதுவாகச் சில நூறு மில்லிகிராம் மட்டுமே. உணவில் இரும்பு எவ்வளவு இருந்தாலும், நலமான குடல் ஒரு நாளில் உறிஞ்சுவது ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம்தான். குறைபாடு நேர்ந்தால் குடல் சற்றுக் கூடுதலாக உறிஞ்ச முயலும். ஆனால் அதற்கும் வரம்பு உண்டு.

இப்போது செலவைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நாளொன்றுக்கு 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு இரத்தம் குடலில் கசிந்தால் 5 மில்லிகிராம் இரும்பு போய்விடும். வரவு 2 மில்லிகிராம் என்றே கொண்டாலும் நாள்தோறும் 3 மில்லிகிராம் துண்டு விழுகிறது. ஒரு திங்களில் அது 90 மில்லிகிராம். நோய் சில மாதங்கள் சீறியிருந்தால் சேமிப்பு முழுவதும் கரைந்துபோகும். மாதவிடாயுள்ள பெண்களுக்கு இந்தச் செலவு இன்னும் கூடும்.

பேணுவோர் பலர் தம்மையே குற்றஞ்சாட்டிக்கொள்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம். "நான் சரியாச் சமைச்சுப் போடலையோ" என்று கலங்கும் தாய்மார்களுக்கு இக்கணக்கே எங்கள் விடை. அடியில் ஓட்டையுள்ள குடத்தில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிரம்பாது. குடலின் புண்ணை ஆற்றுவதே இரும்புக் குறைபாட்டுச் சிகிச்சையின் முதற்படி.

மற்றொரு தவறான ஆறுதலும் நம்மிடையே உண்டு. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை உள்ளது. இவ்வளவு பரவலாக இருப்பதனாலேயே, "எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று விட்டுவிடுகிறோம். குடல் அழற்சி நோயுள்ள பெண்ணுக்கு அவ்வாறு விட்டுவிடுவது தீங்காகும். அவருடைய இரத்தசோகைக்கு வேறொரு காரணம் உள்ளிருந்து செயற்படுகிறது.

பூட்டிய கிடங்கு

"ஃபெரிட்டின் அளவு சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் இரும்பு ஏற்ற வேண்டும்?" என்று ஆய்வுக்கூட அறிக்கையைக் காட்டிக் கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி.

உடலில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்னும் சுரப்பைக் கூடுதலாக வெளிவிடுகிறது. அது இரும்பு இரத்தத்திற்குள் வரும் வாயில்களை மூடிவிடும். குடலில் உறிஞ்சிய இரும்பு உள்ளே வாராது; கிடங்கில் உள்ள இரும்பும் வெளியே வாராது. கிடங்கில் நெல் இருந்தும் பூட்டுப் போட்டிருந்தால் வீட்டில் உலை கொதிக்காது அல்லவா? அதே நிலைதான். அன்றியும், ஃபெரிட்டின் என்னும் சேமிப்புப் புரதம் அழற்சியின் காரணமாகவே உயரக்கூடியது. ஆதலால் அந்த எண்ணை மட்டும் பார்த்து இரும்பு போதுமென முடிவு செய்ய இயலாது.

எனவே மருத்துவர்கள் இவ்வெண்களைச் சூழலோடு சேர்த்தே படிக்கின்றனர். உலக நலவாழ்வு அமைப்பின் வரையறைப்படி ஈமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும், கருவுற்றவர்களுக்கு முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் 11 கிராமுக்குக் கீழும் இருந்தால் இரத்தசோகை. நோய் அடங்கியிருப்பவருக்கு ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைபாடு எனலாம். நோய் சீறியிருக்கும் வேளையிலோ, 100 வரை இருந்தாலும் குறைபாடு இருக்கக்கூடும். டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்னும் ஆய்வும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஆய்வும் ஐயத்தைத் தீர்க்க உதவும்.

நோய் அடங்கியிருப்போர் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், நோய் சீறியிருப்போர் 3 மாதங்களுக்கு ஒருமுறையேனும் இவற்றைச் செய்துகொள்வது நன்று. ஈமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிடலாம். ஆகவே "ரத்தம் பத்தரை இருக்கு, பதினொன்னு இருக்கு" என்று ஓர் எண்ணோடு நின்றுவிடாதீர்கள்.

கோஷா மருத்துவமனை தந்த பாடம்

இரத்தசோகை அனைத்தும் இரும்புக் குறைவினால் வருவதன்று. இந்த உண்மையில் நம் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஆலைத் தொழிலாளர்களிடையே காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். 1931இன் தொடக்கத்தில் அவர் சென்னையில், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு பொருள் அவ்வகை இரத்தசோகையைத் தீர்க்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. அப்பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

குடல் அழற்சி நோயாளிகளுக்கு இப்பாடம் இன்றும் பொருந்தும். சல்ஃபாசலசின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகளை உட்கொள்வோர்க்கு ஃபோலிக் அமிலம் குறையலாம். சிறுகுடலின் இறுதிப் பகுதி நோயுற்றவர்களுக்கும், அப்பகுதியை அறுவையில் நீக்கியவர்களுக்கும் வைட்டமின் பி12 குறையும்; ஏனெனில் பி12 உறிஞ்சப்படும் இடம் அதுவே. ஆகவே இரும்பு மாத்திரையைப் பல மாதம் விழுங்கியும் களைப்பும் தலைவலியும் தீரவில்லையெனில், மாத்திரையை மாற்றுவதற்கு முன் பி12, ஃபோலிக் அமில அளவுகளைக் கேட்டறியுங்கள்.

இரும்பை எவ்வாறு நிரப்புவது?

நோய் அடங்கியிருந்து, இரத்தசோகையும் மிதமாக இருந்தால் மாத்திரையே போதுமானதாக இருக்கலாம். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் இரும்புக்கு மேல் தேவையில்லை. மிகுதியாக விழுங்கினால் விரைவில் ஏறும் என்பது தவறு. உறிஞ்சப்படாத இரும்பு குடலிலேயே தங்கிக் குமட்டலையும் வயிற்றுவலியையும் உண்டாக்கும். ஒரு மாத்திரை உட்கொண்டபின் ஏறத்தாழ ஒரு நாள்வரை ஹெப்சிடின் உயர்ந்திருப்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்ளுமாறு மருத்துவர் கூறினால் வியப்படைய வேண்டா. தேநீர், காப்பி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து இரும்பு மாத்திரையை விழுங்காதீர்கள்.

இரும்பு மாத்திரையால் மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ மாறும். அதற்கு அஞ்ச வேண்டா. ஆனால் மலம் தார்போல ஒட்டும் தன்மையோடும் கடும் நாற்றத்தோடும் கறுத்திருந்தாலோ, செந்நிற இரத்தம் கூடினாலோ அது மாத்திரையின் வேலையன்று. உடனே வாருங்கள்.

நோய் சீறியிருக்கும்போதும், ஈமோகுளோபின் 10க்குக் கீழே இறங்கிவிட்டபோதும், மாத்திரை ஒத்துக்கொள்ளாதபோதும் சிரைவழியாக இரும்பு ஏற்றுவதே முதல் வழி. பூட்டிய குடல் வாயிலைச் சுற்றிக்கொண்டு, இரும்பை நேரே இரத்தத்தில் சேர்க்கும் முறை இது. அயர்ன் சுக்ரோஸ் என்னும் மருந்தைச் சிறு அளவுகளாகப் பல முறை ஏற்றுவர். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்பதில் பெரிய அளவை ஒரே அமர்வில் ஏற்ற இயலும். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். ஏற்றி முடித்தபின் அரைமணி நேரம் அமரச் சொல்வது ஒவ்வாமை ஏதும் தோன்றுகிறதா என்று கவனிப்பதற்காகவே. அவசரப்பட்டு எழுந்து செல்லாதீர்கள். ஊசி ஏறும் இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தோன்றினால் செவிலியரை உடனே அழையுங்கள். மருந்து வெளியே கசிந்தால் தோலில் நெடுநாள் கறை படியும். காய்ச்சலோ தொற்றோ இருந்தால் முன்கூட்டியே கூறுங்கள். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் சிரைவழி இரும்பு தரப்படுவதில்லை.

இரும்பு ஏற்றிய ஓரிரு நாள் தலைவலியும் உடல்வலியும் சிலருக்கு வரும், அது தணிந்துவிடும். ஆனால் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் ஏற்றிய சில வாரங்களில் களைப்பு குறையாமல் கூடினால், எலும்பு வலித்தால், இரத்தத்தில் பாஸ்பேட் அளவைப் பார்க்க வேண்டும். அம்மருந்து சிலருக்கு அதைக் குறைத்துவிடும். நான்கு வாரங்களில் ஈமோகுளோபின் 2 கிராம் உயர்ந்தால் சிகிச்சை நன்கு பலித்துள்ளது எனக் கொள்ளலாம். ஏற்றிய உடனே ஃபெரிட்டின் ஆய்வு செய்தால் பொய்யாக உயர்ந்து காட்டும். மருத்துவர் குறித்த நாளில் மட்டும் செய்துகொள்ளுங்கள். நிரப்பிய இரும்பு மீண்டும் கரையக்கூடும் என்பதால் ஓராண்டுக்கேனும் மூன்று மாதத்திற்கொருமுறை கவனிப்பு தேவை.

அடுக்களையின் பங்கு

உணவு மட்டும் துண்டை அடைக்காது என்றோம். உணவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. நிரப்பிய இரும்பைத் தக்கவைப்பதில் அதன் பங்கு பெரிது. அசைவம் உண்போர்க்கு ஆட்டு ஈரலும், நம் வீடுகளில் இரத்தம் ஊறும் என்று வாங்கித் தரும் சுவரொட்டியும் உண்மையிலேயே இரும்பு மிகுந்தவை. அவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும். ஆனால் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் எந்த இறைச்சியையும் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

சைவ உணவில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள் உதவும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றின் வைட்டமின் சி அவற்றிலுள்ள இரும்பை உறிஞ்சத் துணை செய்யும். உணவோடு சேர்த்துப் பருகும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கும். ஒருமணி நேர இடைவெளி விடுங்கள். குடல் சுருங்கியிருக்கும் குரோன் நோயாளிகள் நார் மிகுந்த கீரையை அப்படியே உண்பது அடைப்பை உண்டாக்கலாம். அவர்கள் வேகவைத்து வடித்த சாற்றைப் பருகலாமா என்று உணவியல் வல்லுநரைக் கேட்டறிக. பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரத்தத்தின் சிவப்புக்கும் தொடர்பில்லை. அதை உண்டபின் மலம் சிவந்தால் இரத்தமெனக் கலங்கவும் வேண்டா.

தலைவலிக்கு எந்த மாத்திரை?

இக்கட்டுரையில் எதை மறந்தாலும் இப்பகுதியை மறவாதீர்கள். ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென், வலிக்காக உட்கொள்ளும் ஆஸ்பிரின் ஆகியவை குடலின் உட்சுவரைப் புண்படுத்தும் தன்மையுடையவை. அடங்கியிருந்த குடல் அழற்சி நோய் இவற்றால் மீண்டும் சீறி எழக்கூடும். நிகழ்வதை எண்ணிப் பாருங்கள்: குடல் கசிகிறது, இரும்பு குறைகிறது, தலை வலிக்கிறது, வலிக்கு மாத்திரை போடுகிறார், குடல் மேலும் கசிகிறது. ஒவ்வொரு மாத்திரையும் அன்றைய வலியைத் தணித்துவிடுவதால் இச்சுழல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மருந்துக்கடையில் "தலைவலிக்கு ஒரு மாத்திரை" என்று மட்டும் கேட்காதீர்கள். கடையிலுள்ளவர் உங்கள் குடல் நோயை அறியார். மேலும் பல கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு ஐபுப்ரொஃபெனோ அசிக்ளோஃபெனாக்கோ கலந்திருக்கும். அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். பார்வை தெளிவில்லாதோர்க்குப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். பெரும்பாலோர்க்குப் பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரை ஏற்றது. உங்கள் எடைக்கும் கல்லீரல் நிலைக்கும் உரிய அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதய நோய்க்காக நாள்தோறும் சிறிய அளவு ஆஸ்பிரின் உட்கொள்வோர் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிட வேண்டா. அது குறித்து மருத்துவரிடம் பேசுங்கள்.

பாராசிட்டமாலுக்கும் வரம்பு உண்டு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கூட்டு மாத்திரையாயின் 10 நாளோ அதற்கு மேலோ எனத் தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு மேல் வலிமாத்திரை உட்கொண்டால், அம்மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும்.

இரும்புக் குறைவன்றி வேறு காரணங்களும் உண்டு. வயிற்றுப்போக்கினால் நீரும் உப்பும் குறைவது அவற்றுள் முதன்மையானது. உப்பு சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும் அதைத் தணிக்கும். இரவில் பலமுறை எழுவதால் கெட்ட தூக்கம், வெளியே கழிவறை கிடைக்காதோ என்ற அச்சத்தில் உண்ணாமலும் நீரருந்தாமலும் பயணம் செய்தல் ஆகியவையும் தலைவலி தரும். சல்ஃபாசலசின், மெசலமின் போன்ற மருந்துகளும் சிலருக்குத் தலைவலி உண்டாக்கும். அப்போதும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. குறிப்பாக ஸ்டீராய்டை ஒரு நாளும் திடீரென நிறுத்தக் கூடாது. அளவைக் குறைக்கவோ மாற்று மருந்து தரவோ எங்களால் இயலும்.

காத்திருக்கக் கூடாத தலைவலி

தாம்பரம் சானடோரியம் நிலையத்தைக் கடக்கும்போது அப்பெயர் எப்படி வந்தது என்று எண்ணியிருப்பீர்கள். 1928இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே ஒரு நலவாழ்வு மனையை நிறுவினார். 1937இல் அது அரசின் பொறுப்பில் வந்தது. இன்றும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. காசநோய் இன்னும் நம் மண்ணைவிட்டு நீங்கவில்லை. குடலைத் தாக்கும் காசநோயும் குரோன் நோயும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால், இரண்டையும் பிரித்தறிய மருத்துவர்கள் மிகுந்த கவனம் எடுத்துக்கொள்கின்றனர். இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசிகளைத் தொடங்குமுன் உறங்கும் காசநோய் உள்ளதா என்று ஆராய்வதும் இதனாலேயே. இவ்வகை மருந்தோ ஸ்டீராய்டோ பெறுவோர்க்குக் காய்ச்சலோடு கூடிய தலைவலி நாட்கணக்கில் நீடித்தால், மூளையுறைக் காசநோய் உள்ளிட்ட தொற்றுகளை உடனே ஆராய வேண்டும்.

மற்றோர் இடரும் உண்டு. குடல் அழற்சி நோய் சீறியிருக்கும்போது இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. நீர் வற்றுதலும் இரத்தசோகையும் அதற்குத் துணையாகின்றன. அரிதாக, மூளையிலிருந்து இரத்தத்தை வடிக்கும் சிரைகளில் கட்டி உறைந்துவிடும். விரைந்து கண்டறிந்தால் மருத்துவம் உண்டு, தாமதித்தால் ஆபத்து.

ஆகவே கீழ்க்காணும் நிலைகளில் மறுநாள்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள், அல்லது 108ஐ அழையுங்கள்:

• வாழ்நாளில் இதுவரை கண்டிராத கடும் தலைவலி, அல்லது திடீரெனத் தோன்றிய தலைவலி
• நாளுக்கு நாள் கூடிவரும், படுத்தால் மிகும் தலைவலி
• வாந்தி, பார்வை மங்கல், இரட்டைப் பார்வை
• வலிப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், மனக்குழப்பம்
• காய்ச்சலும் கழுத்து விறைப்பும்
• தலைவலியோடு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம்

பேணுவோர்க்கு ஒரு வேண்டுகோள்

நோயாளிகள் தம் துன்பத்தைக் குறைத்தே சொல்வர். வயிற்றைப் பற்றிப் பேசியே மருத்துவரின் நேரம் தீர்ந்துவிட்டது, இனித் தலையைப் பற்றி வேறு சொல்வதா என்ற தயக்கம் அவர்களுக்கு. அருகிலிருந்து பார்க்கும் நீங்கள் அத்தயக்கத்தைப் போக்கலாம். நாட்காட்டித் தாளிலேயே குறியுங்கள்: தலைவலி வந்த நாள், நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, அன்று இரத்தம் போனதா, எத்தனை முறை வயிறு கழிந்தது, உறங்கினாரா, எந்த மாத்திரை போட்டார். பெண்களாயின் மாதவிடாய் நாட்களையும் குறியுங்கள். ஒரு மாதக் குறிப்பு, பத்து நிமிட உரையாடலில் வெளிவராத பலவற்றை எங்களுக்குக் காட்டும்.

வரும்போது பழைய இரத்த ஆய்வு அறிக்கைகளையும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மருத்துவரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இரும்புச் சேமிப்பு எவ்வளவு உள்ளது? குறைவதற்குக் காரணம் அடங்காத குடல் நோயா, வேறா? இவருக்குத் தலைவலி வந்தால் எந்த மாத்திரையை, எவ்வளவு தரலாம்?

இங்கே கூறியவை பொதுவான விளக்கங்கள். உங்களுக்குரிய மருந்தையும் அளவையும் உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எங்கள் வேண்டுகோள் எளியது. அடுத்த முறை வரும்போது தலைவலியைக் கதவருகே சென்றபின் சொல்லாதீர்கள். நாற்காலியில் அமர்ந்தவுடன், வயிற்றைப் பற்றிச் சொல்லும்போதே அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்க நாங்கள் காத்திருக்கிறோம்.